ஃபெராராவில் இரண்டு நாள்

போன வாரம் மகள் வெஸ்ட்கேட் சூப்பர்மார்க்கெட்டிலிருந்து ஒரு பாஸ்தா பாக்கெட் வாங்கிவந்தாள். உள்ளே பூசணிக்காய் மசித்து வைத்து மடித்தது. கொதிநீரில் போட்டதும் சாதிக்காய் மணம் எழும்பியது. நான் அடுப்படியை விட்டு வெளியே வந்துவிட்டேன். என்னவென்று மகள் ஆங்கிலத்தில் கேட்டாள். தலையிடி என்றேன்.

தலையிடி இல்லை. சிவநேசன்.

எண்பதுகளின் நடுவில், நியூசிலாந்தில் த்ரீ கிங்ஸ் என்ற இடத்தில் ஒரு பலகை வீட்டில் நானும் அவனும் வாடகைக்கு இருந்தோம். நான் படிக்க வந்து, வேலை எடுத்து, நியூசிலாந்துப் பாஸ்போட்டும் எடுத்துவிட்டவன். ஒரு கந்தோரில் இருந்து கட்டடப் படம் கீறுவேன். அவன் எண்பத்துமூன்றுக் கலவரத்துக்குப் பிறகு வந்தவன். தோட்டங்கள் நிறைந்த புக்கெகோஹியில் வெங்காயம் தரம் பிரித்து மூட்டை கட்டும் வேலை. அவன் ஒருதரம் ஏறினால் என் கார் மூன்று நாளைக்கு மணக்கும். யன்னலைத் திறந்து வைத்து ஓட்டி, மழையில் நனைந்து, அதற்கும் அவனைத்தான் பேசுவேன்.

முதல்நாள் கதவைத் திறந்ததும் என்னை உற்றுப் பார்த்து, "நீர் அச்சொட்டா என்ர தம்பி மாதிரி" என்றான். நான் அதிலேயே உருகிவிட்டேன். தனியாக இருக்கிறவனை யாராவது உறவு சொல்லிக் கூப்பிட்டால், அவன் வீட்டுத் திறப்பைக் கையில் கொடுத்துவிடுவான். அந்தத் தம்பி களவாய் ஆள் அனுப்பும் ஓர் ஏஜென்சிக்காரனோடு வெளிக்கிட்டு ஐரோப்பாவில் எங்கோ நிற்கிறான், தகவல் இல்லை என்று சொல்லியிருந்தான். நானும் சேர்ந்து கவலைப்பட்டேன்.

அப்போது லண்டனில் அக்காவின் மகள் பெரியபிள்ளையானாள். சடங்குக்கு நாள் வைத்தார்கள். முதல் தண்ணீர் வார்க்கத் தாய்மாமன் வேண்டும். அவளுக்கு இருந்த ஒரே மாமன் நான். அக்காவைக் கண்டும் ஏழு வருசம்.

"நானும் வாறன் மச்சான்" என்றான் சிவநேசன். "போற வழியில ரெண்டு நாள் இத்தாலி பாப்பம்."

ரோமா வெனிசா என்று கேட்டேன்.

"அது எல்லாரும் பாக்கிறது. ஃபெராரா எண்டு ஒரு ஊர் இருக்கு. ஒருத்தரும் போறேல்லை."

வெங்காய மூட்டை கட்டுகிறவனுக்கு இந்த ஊர் எப்படித் தெரியும் என்று ஒரு மூளையுள்ளவன் யோசித்திருப்பான். நான் என் நண்பனின் ரசனையை மெச்சினேன்.

ஆனால் ஊர் உண்மையிலேயே வடிவு. நட்டநடுவில் செங்கல் கோட்டை, சுற்றிவர அகழியில் தண்ணீர். கிழவிகள்கூடக் கூடை கட்டிய சைக்கிளில் நிமிர்ந்து போனார்கள். சனிக்கிழமை முழுதும் பழைய நகர மதிலின்மேல் மர நிழலில் நடந்தோம். எட்டத்தில் பேரிக்காய்த் தோட்டங்கள் தெரிந்தன. சிவநேசன் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். பின்னேரம் ஒரு சின்னக் கடையில் அந்தப் பூசணிக்காய்ப் பாஸ்தா சாப்பிட்டோம். சாப்பாடா பலகாரமா என்று தெரியாத இனிப்பு. எனக்குப் பிடித்துப்போனதைக் கண்டு, அவன் தன் கோப்பையில் பாதியை என் பக்கம் தள்ளினான்.

"சாப்பிடு மச்சான். நாளைக்கு நிறைய நடக்கவேணும்."

அந்தக் காலத்தில் அங்கே தங்குமிடங்களில் பாஸ்போட்டைக் கீழே வாங்கி வைத்துப் பதிவார்கள். ஞாயிறு காலை நான் எழும்பியபோது அவன் கட்டில் வெறுமை. இறங்கிப் போய்த் தங்குமிடக்காரியிடம் கேட்டேன். அவள் இரண்டு விரலைக் காட்டி, வாசலைக் காட்டி, சிரித்தாள். இரண்டு பாஸ்போட்டையும் வாங்கிக்கொண்டு போய்விட்டான். மேலே என் சவரப் பெட்டிக்கடியில் ஒரு துண்டுக் காகிதம் இருந்தது: "தம்பிக்காக. மன்னிச்சுக்கொள்."

பேரிக்காய்த் தோட்டங்களில் ஒளிந்து வேலை செய்த ஒருவன் என் முகத்தோடும் என் பெயரோடும் எல்லை தாண்டப் போகிறான் என்று அப்போதுதான் விளங்கியது. அச்சொட்டா.

பொலிஸ் நிலையம் இரண்டு தெரு தள்ளி இருந்தது. அதன் வாசல்வரை போனேன். உள்ளே போய்ச் சொன்னால் பின்னேரத்துக்குள் அந்தப் பொடியன் பிடிபடுவான். திருப்பி அனுப்பினால் கொழும்பில் இறங்கியதும் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். சொல்லாவிட்டால் சடங்குக்குப் போய்ச் சேரமாட்டேன். வாசலில் நின்ற பொலிஸ்காரன் என்ன வேண்டும் என்பதுபோலத் தலையை அசைத்தான். கோட்டைக்கு வழி கேட்டேன். கோட்டை அவனுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

ஞாயிறு, திங்கள், செவ்வாய். மூன்று நாளும் அதே மதிலில் நடந்தேன். தங்குமிடக்காரியைக் கண்டால் சிரித்தேன். புதன்கிழமைதான் பொலிசுக்குப் போய், பாஸ்போட் தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்தேன். ரோமுக்குப் போய்த் தூதரகத்தில் காத்திருந்து, தற்காலிகக் கடவுச்சீட்டு கிடைத்தது அடுத்த திங்கள். சடங்கு சனிக்கிழமை முடிந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் மாமனாக நின்று தண்ணீர் வார்த்தாராம்.

"ஊர் பாக்கவோ வெளிக்கிட்டனீ?" என்று அக்கா போனில் கேட்டாள். "பிள்ளை அண்டைக்கு முழுக்க வாசலைப் பாத்தபடி நிண்டவள்."

உள்ளதைச் சொன்னால் அத்தான் அடுத்த நிமிசம் பொலிசுக்குப் போன் அடிப்பார்.

எட்டு மாதத்துக்குப் பிறகு த்ரீ கிங்ஸ் வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. கனடா முத்திரை, விலாசம் இல்லை. "தம்பி சுகம். கேட்டிருந்தால் தந்திருப்பாய் எண்டு தெரியும். உன்னைக் குற்றத்தில மாட்டக்கூடாது எண்டுதான் கேக்கேல்லை." அடுப்பில் போட்டு எரித்தேன். கேட்டிருந்தால் தந்திருப்பேனா என்று எனக்கே தெரியாது. நல்லவனாக இருக்க எனக்கு ஒரு சந்தர்ப்பம் வந்தது. அதையும் அவனே எடுத்துக்கொண்டு போய்விட்டான். பாஸ்போட் போனதைவிட அதுதான் இன்றைக்கும் சுடுகிறது.

அந்தப் பலகை வீட்டை இடித்து இப்போது நாலு வீடு கட்டியிருக்கிறார்கள். வெங்காயம் மணத்த கார் எந்த இரும்புக் கடையில் கிடக்கிறதோ. அக்கா போன வருசம் காலமானாள். கடைசி நாட்களில் லண்டன் ஆஸ்பத்திரியில் அவள் கையைப் பிடித்தபடி இருந்தேன். இனி யாருக்கும் ஆபத்தில்லை, சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன்.

அவள் முந்திக்கொண்டாள். "இந்தமுறை நேரா என்னட்டைத்தானே வந்தனீ?"

"ஓம் அக்கா" என்றேன்.