சோதனைச் செய்திக்குக் கிளம்பிய படகு

மழைக்காலத்துக்கு முன்னால் வெள்ள எச்சரிக்கைக் குறுஞ்செய்தியைச் சோதித்துப் பார்ப்பது எங்கள் கட்டுப்பாட்டு அறையின் வழக்கம். அன்று நான்தான் அனுப்பினேன்: ‘சடையங்குப்பத்தில் வெள்ளம். மேடான இடத்துக்குச் செல்லவும். இது சோதனை மட்டுமே.’

பதறிப்போய் அழைத்தவர்களிடமெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டு எரிச்சலில் இருந்தபோது, ராயபுரத்திலிருந்து ஒரு மீனவர் பேசினார்.

“மேடம், மெசேஜ் பாத்தோம். எத்தினி பேரு மாட்டிகினு கீறாங்க? போட்டை லாரில ஏத்திகினு கீறோம்.”

“அண்ணே, கடைசி வரியைப் படிக்கலையா? அது சோதனை!” என்று கத்திவிட்டேன்.

தொழிலுக்குப் போகாமல் படகைத் தூக்கியவர், திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

“அப்ப யாரும் மாட்டிக்கலியே? அது போதும்மா” என்றார். பிறகு பக்கத்தில் யாரிடமோ, “மாமு, போட்டை எறக்கு. எல்லாரும் நல்லாத்தான் கீறாங்களாம்!” என்று அவர் சந்தோஷமாகச் சொன்னது எனக்கும் கேட்டது.

மேட்டுக்கு ஓடச் சொல்லித்தான் அந்தச் செய்தியை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுத் தண்ணீரை நோக்கிக் கிளம்புகிறவர்களும் இருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அடுத்த முறை ‘இது சோதனை’ என்பதை முதல் வரியாக்கினேன். அப்படியும் மனசு கேட்கவில்லை. அனுப்புவதற்கு முன்பே அவரைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன்: “இன்னிக்கு போட் வேணாம்ணே.”