மச்சானிடம் இருந்த சாவி

போன ஐப்பசியில், அடைமழை கொஞ்சம் விட்டிருந்த ஒரு சனிக்கிழமை பிற்பகலில், கடலூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு என் மகளின் லேப்டாப்பை நான் பூட்டிவிட்டேன். எப்படிப் பூட்டினேன் என்று கேட்காதீர்கள். பூட்டியது நானா, அது தானாகவே பூட்டிக்கொண்டதா என்பதே எனக்கு இன்னும் சரியாக விளங்கவில்லை.

நான் குடிகாடு பக்கத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஷிஃப்ட் பொறுப்பாளராக இருக்கிறேன். வால்வு, பம்பு, பாய்லர் இவைதான் என் உலகம். கம்ப்யூட்டரில் ரிப்போர்ட் அடிப்பதோடு சரி. ஆனால் வீட்டில் மிக்ஸி முதல் தண்ணீர் மோட்டார் வரை எதையும் வெளியே கொடுக்காமல் நானே பிரித்து மாட்டிவிடுவேன். திரும்ப மாட்டியபின் இரண்டு திருகாணி மிச்சமிருக்கும், அது வேறு விஷயம். பொருள் ஓடும்.

மகள் விலங்கியலில் முதுகலை கடைசி வருடம். துறைமுகத்தில் ஏலத்துக்கு வரும் மீன்களைப் படமெடுத்து, அளந்து, இன்ன மீன் இன்ன அளவு என்று குறித்துவைப்பதுதான் அவள் ப்ராஜெக்ட். மாதக்கணக்கில் விடிந்ததும் விடியாததுமாகத் துறைமுகத்துக்குப் போய், கல்லூரி கேமராவில் எடுத்துக்கொண்டு வருவாள். அந்தப் படங்களைக் கொடுத்தால் தானே அளந்து சொல்லும் இலவச மென்பொருள் ஒன்று இருக்கிறதாம். அது விண்டோஸில் அல்ல, லினக்ஸ் என்கிற இன்னொரு இயங்குதளத்தில்தான் ஒழுங்காக ஓடும், திங்கட்கிழமை எல்லோர் முன்னாலும் ஓட்டிக் காட்ட வேண்டும், லேப்டாப்பில் லினக்ஸ் போட்டுக்கொண்டு வா என்று அவளுடைய பேராசிரியர் சொல்லிவிட்டார்.

"ஃப்ரெண்டு வீட்ல குடுத்துப் போட்டுட்டு வரேம்பா" என்றாள். "எதுக்கு? நான் பாத்துக்கறேன்" என்றேன். அவள் ரிப்போர்ட்டை பிரிண்ட் எடுக்கக் கடைக்குப் போன நேரத்தில் வேலையை ஆரம்பித்தேன்.

செல்போனில் ஒரு வீடியோ பிடித்தேன். பின்னணியில் இசை அலற, ஒருவர் மளமளவென்று சொல்லிக்கொண்டே போனார். முதலில் ஒரு பென் டிரைவில் லினக்ஸை ஏற்ற வேண்டும். டி.வி.க்குப் பக்கத்தில் ஒன்று கிடந்தது, எடுத்துச் செருகினேன். இதில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று கேட்டது. பழைய பாட்டுதான் இருக்கும் என்று சம்மதம் கொடுத்தேன். அடுத்தது, லேப்டாப்பை அணைத்துப் போட்டு எஃப் டூ பட்டனைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். விண்டோஸ் வருவதற்கு முன்னால் இயந்திரத்துக்கென்று தனியாக ஒரு பக்கம் இருக்கிறது, அது திறந்தது. அதில் 'செக்யூர் பூட்' என்று ஒரு வரி. "இதை ஆஃப் பண்ணாதான் லினக்ஸ் உள்ள வரும்" என்றார் வீடியோக்காரர். ஆஃப் செய்தேன்.

அது எதற்காக ஆன் ஆகியிருந்தது என்று நான் யோசிக்கவே இல்லை. இத்தனைக்கும் கம்பெனியில் ஒரு பாதுகாப்பு சுவிட்சைக் காரணம் தெரியாமல் யாராவது எடுத்துவிட்டால் முதல் ஆளாகக் கத்துகிறவன் நான்.

லேப்டாப் பென் டிரைவ் பக்கம் திரும்பவே இல்லை. நேராக ஒரு நீலத் திரை வந்து நின்றது. ரெக்கவரி கீ, அதாவது மீட்புச் சாவி, கொடு என்றது. நாற்பத்தெட்டு இலக்கத்தில் ஒரு எண் வேண்டுமாம். நான் என் செல் நம்பரைப் போட்டேன். சிரிக்காதீர்கள், பேங்க், கேஸ், ரேஷன் எல்லாம் செல் நம்பரைத்தானே கேட்கிறது. கட்டத்தில் கால்வாசிகூட நிரம்பவில்லை. ஆதார் எண்ணையும் சேர்த்துப் போட்டுப் பார்த்தேன். அதற்குள் மகள் வந்துவிட்டாள்.

"என்னப்பா பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலம்மா. ஒரே ஒரு சுவிட்ச ஆஃப் பண்ணேன், அவ்ளோதான்."

அவள் பார்வை பென் டிரைவ் மேல் போனது. "இது ஏன் இங்க இருக்கு?" என்று கேட்டவளின் குரலே மாறிவிட்டது. ப்ராஜெக்டை அவள் காப்பி எடுத்து வைத்திருந்ததே அதில்தான். கேமரா கார்டை அழித்துக் கல்லூரியில் ஒப்படைத்தாயிற்று. ஆக, அத்தனை மாத மீனும் இப்போது அந்த நீலத் திரைக்குப் பின்னால் மட்டும்தான் இருந்தது.

அவள் கத்தியிருந்தால் தேவலை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கம்பெனியில் ஏதாவது எக்குத்தப்பாகிவிட்டால், கடைசியாக மாற்றியதை முதலில் பழையபடி வைப்பது எங்கள் வழக்கம். அந்தப் பழக்கத்தில், "ஆஃப் பண்ணத திரும்ப ஆன் பண்ணிப் பாக்கட்டா?" என்று கை நீட்டினேன்.

"தொடாதீங்க! இனிமே அதுல கையே வைக்காதீங்கப்பா!"

கையை எடுத்துக்கொண்டேன். உள்ளே இருப்பதையெல்லாம் அதுவே பூட்டுப் போட்டு வைத்திருக்கிறது, வாசலில் காவல் நிற்கும் அந்த 'செக்யூர் பூட்'டை நாம் அணைத்ததும் யாரோ திருடன் என்று நினைத்துச் சாவி கேட்கிறது என்று செல்போனில் தேடிப் படித்துச் சொன்னாள். நாங்கள் வாங்கிய லேப்டாப், எங்கள் வீட்டுக் கூடத்தில், எங்களைப் பார்த்துத் திருடன் என்கிறது. பூட்டு போட்டதாக யாரும் எங்களிடம் சொல்லவே இல்லையே, பிறகு சாவி மட்டும் எங்கிருந்து வரும்?

அப்போதுதான் திரையின் அடியில் ஒரு மெயில் முகவரியின் ஆரம்ப எழுத்துகள் சிலவற்றை மகள் கவனித்தாள். சாவி அந்த மெயிலில் இருக்கிறது என்று அர்த்தமாம்.

"இது மாமா மெயிலுப்பா."

அதாவது என் மனைவியின் தம்பி. சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருப்பவன். எங்கள் குடும்பத்தில் யார் செல்போன் வாங்கினாலும், டி.வி. வாங்கினாலும் அவன்தான் வந்து போட்டுக் கொடுப்பான். யாருக்கும் தன் மெயில், பாஸ்வேர்ட் ஞாபகம் இருக்காது என்பதால் எல்லாவற்றுக்கும் தன் மெயிலையே போட்டுவிடுவான். இந்த லேப்டாப்பும் அப்படித்தான். குறிஞ்சிப்பாடியிலிருக்கும் என் அண்ணன் வீட்டு டி.வி. கூட இன்றும் அவன் பெயரைச் சொல்லித்தான் வரவேற்கும்.

சிக்கல் என்னவென்றால், அவனும் நானும் பேசி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. எங்கள் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு அழைக்க வேண்டிய நேரத்தில், கம்பெனியில் எல்லாவற்றையும் நிறுத்திப் பழுதுபார்க்கும் ஷட்டவுன் வேலை, நேரில் போய் அழைக்க என்னால் நகர முடியவில்லை. பத்திரிகையை வாட்ஸப்பில் அனுப்பிவிட்டு போனில் கூப்பிட்டேன். "தாய்மாமனுக்கு வாட்ஸப்புல பத்திரிகையா?" என்று மனைவியிடம் கேட்டவன் விழாவுக்கு வரவில்லை. வராதவனிடம் நானும் பேசவில்லை. அக்காவும் தம்பியும் மட்டும் எங்களைப் பற்றிப் பேசாமல் மற்றதெல்லாம் பேசிக்கொள்வார்கள். எனக்கு இன்றைக்கும் என் பக்கம் கொஞ்சம் நியாயம் இருப்பதாகத்தான் படுகிறது.

மனைவிதான் போன் செய்தாள், ஸ்பீக்கரில் போட்டாள். நான் செய்தித்தாளை விரித்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். நடந்ததை மகள் ஒன்று விடாமல் சொன்னாள், செக்யூர் பூட்டை ஆஃப் செய்தது உட்பட.

"சாவி என் மெயில்லதான் இருக்கும். ஒண்ணும் போயிடல, பயப்படாத" என்றான்.

"அப்ப அத ஒரு ஃபோட்டோ எடுத்து அனுப்பிடுங்க மாமா."

"அதெல்லாம் போன்ல ஆவாது. காலையில எடுத்துகிட்டு வாங்க." பிறகு ஒரு நொடி கழித்து, "அப்பாவையும் வரச் சொல்லு. என்ன பண்ணாருன்னு அவருகிட்டதான் கேக்கணும்" என்றான்.

மறுநாள் காலை நானும் மகளும் சிதம்பரம் பஸ் ஏறினோம். லேப்டாப்பை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற குழந்தைபோல அவள் மடியிலேயே வைத்திருந்தாள். மீனெல்லாம் போய்விட்டால் இவளுக்கு என்ன பதில் சொல்வது என்ற பயம் ஒரு பக்கம். மச்சான் முகத்தில் எப்படி விழிப்பது என்ற கூச்சம் மறுபக்கம். எது பெரிது என்றே தெரியவில்லை.

வாசலிலேயே நின்றிருந்தான். "வாங்க மாமா" என்றான், லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டு.

"வரேன் மச்சான்" என்றேன், செருப்பைப் பார்த்துக்கொண்டு.

"அங்க மழ எப்டி?"

"வுட்டுடுச்சு."

"இங்கயும் வுட்டுடுச்சு."

அதற்குமேல் மழையைப் பற்றிச் சொல்ல எங்கள் இருவரிடமும் எதுவும் இல்லை. அவன் மனைவி தண்ணீர் கொண்டுவந்து காப்பாற்றினாள்.

அவன் தன் மெயிலைத் திறந்தான். சொந்தக்காரர்கள் எல்லோருடைய லேப்டாப் சாவியும் வரிசையாக அதில் இருந்தது. எங்களுடையது எது என்று திரையிலிருந்த குறியீட்டை வைத்துக் கண்டுபிடித்தான். அவன் மும்மூன்று எண்ணாகப் படிக்க, நான் திருப்பிச் சொல்ல, மகள் தட்டினாள். "மூணு ஒண்ணு ஏழு" என்று அவன் சொல்வான், "மூணு ஒண்ணு ஏழு" என்று நான் சொல்வேன். ஒரு வருடத்துக்குப் பிறகு நாங்கள் ஒருவரோடு ஒருவர் உருப்படியாகப் பேசியது வெறும் எண்கள்தான். ஆனால் பாதி வருவதற்குள் குரலில் இருந்த பிசிறு போய்விட்டது. ஒரு இடத்தில் நான் தப்பாகச் சொல்ல, "ஒம்போது மாமா, ஏழு இல்ல, காதுல இன்னும் கம்பெனி மிஷினு ஓடுதா?" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

லேப்டாப் திறந்தது. மகள் கோப்பைத் திறந்தாள். வஞ்சிரம், வவ்வால், சங்கரா, பாறை என்று மீன்கள் எல்லாம் அப்படியே இருந்தன. அவள் அழ ஆரம்பித்தாள். "அழுவறத அப்பறம் பாத்துக்கலாம், மொதல்ல காப்பி எடு" என்று மச்சான் ஒரு ஹார்ட் டிஸ்கை நீட்டினான்.

சாப்பிட்ட பிறகு லினக்ஸையும் அவனே போட்டுக் கொடுத்தான். "செக்யூர் பூட் ஆன்லயே இருக்கட்டும் மாமா. இப்ப வர பெரிய லினக்ஸ்லாம் கையெழுத்தோடதான் வருது, ஆஃப் பண்ணவே வேணாம். நீங்க பாத்தது பழைய வீடியோவா இருக்கும்."

"யாரு கையெழுத்து?"

"விண்டோஸ் கம்பெனியோடது."

"லினக்ஸு யாருக்கும் சொந்தமில்ல, சும்மா குடுக்கறதுன்னு இவ சொன்னாளே?"

"ஆமாம், சும்மாதான். ஆனா மிஷினு அந்தக் கையெழுத்ததான் நம்புது. அது இல்லன்னா வாசல்லயே நிறுத்திடும்."

மகளுக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப நாலு பேரு சேந்து சொந்தமா ஒரு லினக்ஸ் செஞ்சா?"

"அவுங்க சாவிய நாமளே மிஷின்ல ஏத்தணும். இல்லன்னா உங்கப்பா மாதிரி ஆஃப் பண்ணணும். சிலதுல அதுக்கும் வழி இருக்காது."

"அப்ப இது யாரு லேப்டாப்பு மாமா?"

"நீ பஸ்ல வுட்டுட்டு எறங்கிட்டா, எடுத்தவன் உன் மீனப் பாக்க முடியாதுல்ல? தெரியாத புரோகிராம் ஏதாவது உனக்கு முன்னாடியே உள்ள போயி உக்காந்துடக் கூடாதுல்ல? அதுக்குத்தான் இவ்ளோவும்."

மகள் சொன்னதும் எனக்கு நியாயமாகப் பட்டது, மச்சான் சொன்னதும் நியாயமாகப் பட்டது. காப்பாற்றுகிற பூட்டா, கட்டிப்போடுகிற பூட்டா என்று கேட்டேன். "ரெண்டும்தான் மாமா" என்று சொல்லிவிட்டு எஃப் டூவைத் தட்டி, நான் ஆஃப் செய்ததை மறுபடி ஆன் செய்து, எனக்குக் காட்டினான். காட்டிக்கொண்டே, சாதாரணமாக ஒன்று சொன்னான்.

"இத மட்டும் திரும்ப ஆன்ல வச்சிருந்தா அநேகமா சாவியே கேட்டிருக்காது. நேரா தெறந்திருக்கும்."

மகள் என்னைப் பார்த்தாள். நான்தானே முதலில் கேட்டேன் என்று சொல்ல வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். மச்சான் எங்கள் இருவரையும் பார்க்காமல், "காபி போடச் சொல்லட்டா?" என்று எழுந்து உள்ளே போய்விட்டான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மகள் கேட்டாள். "அப்பா, ஆஃப் பண்ணோம்னு நான்தான் நேத்தே சொன்னேனே. ஆன் பண்ணிப் பாருங்கன்னு மாமா போன்லயே சொல்லியிருக்கலாமே?"

"தோணியிருக்காதும்மா."

"அவரு வேலையே இதுதானேப்பா."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

திங்கட்கிழமை அவள் மீன்களெல்லாம் ஒழுங்காக ஓடின, நல்ல பெயரும் வாங்கினாள். லேப்டாப்பில் இப்போது அவள் பெயரிலேயே மெயில் இருக்கிறது, சாவியைக் காகிதத்தில் எழுதி பீரோவிலும் வைத்துவிட்டாள். மச்சான் வருகிறான், நாங்கள் போகிறோம், இன்னும் அவ்வப்போது எதற்காவது முறைத்துக்கொள்கிறோம். அன்று தெரிந்தேதான் எங்களை வரச் சொன்னானா, இல்லை அவனுக்கும் உண்மையாகவே அப்புறம்தான் தோன்றியதா என்று அவனிடம் நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவானோ என்று பயமாக இருக்கிறது. போனில் ஒரே வரியில் முடிந்திருக்க வேண்டிய காரியத்துக்கு என்னைக் கடலூரிலிருந்து சிதம்பரம் வரை அலையவிட்டிருக்கிறான் என்று நினைத்தால் கோபம் வர வேண்டும், ஆனால் எப்போது நினைத்தாலும் எனக்கு ஏனோ கண்தான் கலங்குகிறது.