ரேடியோ அக்காவின் தம்பி

ஆராய்ச்சி நிலையத்தில் அவருக்குப் புழு சார் என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. ஆனால் அவருக்குத் தெரியும், அதில் வருத்தமும் இல்லை. நன்னீர் மீன்களின் உடம்பில் குடியிருக்கும் ஒட்டுண்ணிகளைப் பார்ப்பதுதான் அவர் வேலை. ஏரி மீன்காரர் வாளியில் கொண்டுவந்து வைக்கும் கெண்டையையும் கெளுத்தியையும் அறுத்து, செவுளைத் தனியாக எடுத்து, கண்ணாடித் தட்டில் நீர் விட்டு நுண்ணோக்கியின் கீழ் வைப்பார். சிவப்புக் கீற்றுகளுக்கு நடுவே அரிசிக் குருணையைவிடச் சின்னதாக ஒரு புழு, பின்பக்கக் கொக்கியை மாட்டிக்கொண்டு நெளியும். அதைக் கண்டுவிட்டால் அவருக்குப் பசி தெரியாது.

கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்கிறவர்களுக்கு அவர் பதில் சொல்வதற்குள் அக்கா முந்திக்கொள்வாள்.

"வந்த பொண்ணுங்ககிட்டல்லாம் மீன் குடலைப் பத்திப் பேசினா யாருங்க கழுத்தை நீட்டுவா?"

அக்கா அவரைவிட ஆறு வயது மூத்தவள். கணவர் போன பிறகு, மகளையும் வெளியூரில் கட்டிக்கொடுத்துவிட்டு, "ரெண்டு பேருக்கு எதுக்கு ரெண்டு வீடு?" என்று இரண்டு பெட்டிகளோடு தம்பியின் குடியிருப்புக்கு வந்து சேர்ந்தாள். அன்றிலிருந்து அந்த இரண்டாம் மாடி வீட்டில் பேச்சு நிற்கவே இல்லை. பல் துலக்கும்போது ஆரம்பிப்பாள். மாடிப்படி விளக்கு எரியாதது, எதிர்வீட்டுக்காரி புதிதாக வாங்கிய செருப்பு, கனவில் வந்த செத்துப்போன மாமியார் என்று ஒன்றையும் விடமாட்டாள். கீழ்வீட்டுப் பிள்ளைகள் வைத்த பெயர் ரேடியோ அக்கா. தம்பி 'ம்' கொட்டுவார். பல சமயம் காதில் வாங்காமலே கொட்டுவார். அது அவளுக்கும் தெரியும். பேச்சை நிறுத்தமாட்டாள்.

ஒருநாள் அந்தப் பேச்சு கொஞ்சம் குழறியது. கடைவாயில் ஒரு பல் உடைந்திருக்கிறது, அது நாக்கின் ஓரத்தைக் கிழிக்கிறது என்றாள். உப்புத் தண்ணீர் கொப்பளித்தாள். புண் ஆறவில்லை. பல் வைத்தியர் அந்தப் பல்லைப் பிடுங்கினார். அதற்கப்புறமும் ஆறவில்லை.

நிலையத்தில் அவருக்கு அடுத்த அறை செல் மேடத்துடையது. வாய்ப் புற்றுநோய் செல்கள் எதைத் தின்று, எதைக் கழிக்கின்றன என்பது அந்த அம்மாவின் ஆராய்ச்சி. மாதிரிகளைப் பிரித்தெடுக்கப் பொதுவில் இருக்கும் சுழற்றும் இயந்திரத்துக்காக இருவரும் சண்டை போடாமல் முறை வைத்துக்கொள்வார்கள். அவ்வளவுதான் பழக்கம். தேநீர் குடிக்கும் இடத்தில் பேச ஒன்றும் இல்லாமல் புழு சார் சொன்னார்:

"வீட்ல அக்காவுக்கு நாக்குல புண்ணு மேடம். ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. சாப்பிடவே கஷ்டப்படுறாங்க."

செல் மேடம் கோப்பையைக் கீழே வைத்தாள். "ஓரத்துலயா சார்?"

"ஆமா."

"தொட்டா கெட்டியா இருக்கா?"

அவருக்குத் தெரியவில்லை. மேடம் அதற்கு மேல் எதுவும் கேட்காமல், தனக்குத் தெரிந்த மருத்துவரின் எண்ணை அவர் கைபேசியில் தானே போட்டுக் கொடுத்தாள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போய் வாயைக் காட்டச் சொன்னார். டார்ச்சை எடுத்து வந்தவர், அதைப் போடாமல் நின்றார்.

"நாள் முழுக்க மீன் வாயைத் தொறந்து பாக்குற. என் வாயைப் பாக்க மட்டும் பயமாடா?" என்றாள் அக்கா. பிறகு வாயைத் திறந்தாள். நாக்கின் இடது ஓரத்தில், தடித்த விளிம்போடு, நடுவில் குழியாக இருந்தது. புகையிலையைத் தொட்டும் பார்க்காதவள். தம்பி டார்ச்சை அணைத்துவிட்டு, "நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம்" என்றார். அவள் ஏன் என்று கேட்கவில்லை. அவருக்கு அதுதான் அதிகம் பயத்தைக் கொடுத்தது.

பரிசோதனையில் புற்றுநோய் என்றார்கள். நாக்கில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, முன்கைத் தோலை வைத்துத் தைப்பதாகச் சொன்னார்கள். எடுக்கும் சதையில் ஒரு துண்டை ஆராய்ச்சிக்குத் தர முடியுமா என்றும் கேட்டார்கள். அது செல் மேடத்தின் அறைக்குத்தான் போகும் என்று தம்பி விளக்கினார்.

"குப்பைக்குப் போறதுதானே, எடுத்துக்கட்டும்" என்று அக்கா கையெழுத்துப் போட்டாள். "உன் பக்கத்து ரூமுக்கு நானும் வேலைக்கு வர்றேன்னு வெச்சுக்கோ."

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அவள் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் ஒரு மதியம் புழு சார் செல் மேடத்தின் அறைக்குள் போய் நின்றார். மேடம் கதகதப்பான பெட்டியிலிருந்து செல்கள் வளரும் தட்டையான குப்பிகளை எடுத்துக் காட்டினாள். சிலவற்றில் திரவம் இளஞ்சிவப்பு, சிலவற்றில் மஞ்சள்.

"நேத்து எல்லாமே சிவப்புதான் சார். இதுங்க சர்க்கரையை அள்ளி அள்ளித் தின்னும். காத்து தாராளமா இருந்தாலும் ஒழுங்கா எரிக்காம அரைகுறையா எரிச்சு அமிலமா விட்டுடும். அந்த அமிலம் சேந்து மஞ்சளாயிடுது."

"ஏன் அப்படி?"

"அதுக்குத்தான் சம்பளம் வாங்குறேன். முழுசா சொல்லத் தெரியல."

குப்பிகளில் எண்கள் மட்டும் இருந்தன, பெயர் கிடையாது. எது யாருடையது என்று மேடத்துக்கும் தெரியாது. அவர் ஒவ்வொரு மஞ்சள் குப்பியாகப் பார்த்துவிட்டு, நன்றி சொல்லி, தன் அறைக்கு வந்து வெறும் தட்டை நுண்ணோக்கியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கதிர்வீச்சு சிகிச்சையும் முடிந்து அக்கா வீட்டுக்கு வந்தாள். முதல் வாரமே காய்கறி வாங்கத் தானே கீழே இறங்கினாள். என்ன வேண்டும் என்று சொன்னாள். கடைக்காரர் "என்னம்மா?" என்றார். மறுபடி சொன்னாள். அவர் மறுபடியும் "என்னம்மா?" என்றார். பின்னால் நின்ற யாரோ, "பாவம், ஊமை போல. கையைக் காட்டச் சொல்லுங்க" என்றார்கள். அக்கா வெறும் பையோடு மாடியேறி வந்தாள்.

அன்றோடு வாயை மூடிவிட்டாள். எழுதிக் காட்டவும் மாட்டாள். தம்பி வந்தால் கதவைத் திறப்பாள், அரைத்த சாப்பாட்டைத் தானே தனியாக உட்கார்ந்து விழுங்குவாள், வாய் வறட்சிக்கு நிமிஷத்துக்கு ஒரு மடக்கு தண்ணீர் குடிப்பாள், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். குழாய் சொட்டுவதும், பக்கத்து வீட்டில் நாற்காலி இழுபடுவதும் அப்போதுதான் அவர் காதில் விழுந்தன. இத்தனை வருஷம் காதில் வாங்காமல் 'ம்' கொட்டிய பேச்சுக்கு இப்போது காது ஏங்கியது. ஒரே கூரையின் கீழ் இரண்டு பேர் ஆளுக்கொரு தனிமையில் இருந்தார்கள்.

கடைசியில் அவரே பேச ஆரம்பித்தார். ஊர்க்கதை தெரியாது, அரசியல் வராது. தெரிந்தது ஒன்றுதான்.

"இன்னிக்கு ஒரு கெளுத்தி வந்துச்சுக்கா. குடல் நிறைய நாடாப்புழு."

அக்கா சுவரைப் பார்த்தாள். மறுநாள் செவுளைப் பற்றிச் சொன்னார். அதற்கடுத்த நாள் கொக்கியைப் பற்றி. சோற்றை வைத்துக்கொண்டு பேசுகிற பேச்சா இது என்று பழைய அக்காவாக இருந்தால் கரண்டியைக் காட்டியிருப்பாள். இவள் எழுந்து போகவில்லை, அது போதும் என்று அவர் விடாமல் சொன்னார்.

ஒரு சாயங்காலம் இரட்டைப் புழுவின் கதைக்கு வந்தார்.

"கெண்டை செவுள்ல இருக்கும்கா. குஞ்சா இருக்குறப்ப தனித்தனியா சுத்தும். இன்னொண்ணைப் பாத்துச்சுன்னா ரெண்டும் குறுக்கால ஒட்டிக்கும். சும்மா ஒட்டுறதில்ல, உடம்பே ஒண்ணாயிடும். அப்புறம் சாகுற வரைக்கும் பிரியாது."

அக்கா திரும்பினாள். வாயை அசைத்தாள். பல மாதங்களுக்குப் பிறகு ஒரு சத்தம் வந்தது, ஈரத் துணியைப் பிழிவது போல. அவர் உதட்டையே பார்த்தார். 'தொணை கிடைக்கலன்னா?' என்கிறாள்.

"வளராது. அப்படியே செத்துப்போயிடும்."

அக்கா அவரை உச்சியிலிருந்து பாதம் வரை ஒருமுறை பார்த்தாள். பிறகு நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: "நீ... இன்னும்... உசுரோடதானடா... இருக்க?"

ஒரு எழுத்து விடாமல் அவருக்குப் புரிந்தது. சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவளும் ஒரு பக்கமாகச் சிரித்தாள்.

அதற்குப் பிறகு அவரிடம் மட்டும் பேசினாள். உதட்டையும் தாடையையும் பார்த்துக்கொண்டிருந்தால் அவருக்கு எல்லாம் விளங்கிவிடும். மருத்துவரிடமும் கடைக்காரரிடமும் அவள் சொல்வதை அவர் திருப்பிச் சொல்வார். சில சமயம் கோபத்தைக் குறைத்துச் சொன்னால் கிள்ளுவாள். அப்படி ஒன்றரை வருஷம் ஓடியது. அதற்கு முன் அவர் யார் பேச்சையும் அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

பிறகு அக்காவின் மகளுக்குக் குழந்தை பிறந்தது. வேலைக்குப் போகிறவள், வீட்டில் ஆள் இல்லை. வந்து அம்மாவைக் கூட்டிப்போனாள். போகாதே என்று அவரும் சொல்லவில்லை, போகட்டுமா என்று அக்காவும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வரும். போனில் அவருக்கு அக்காவின் பேச்சு புரியவில்லை. வெறும் சத்தமாகத்தான் கேட்டது. வீடியோவில் பார்த்தாலும் படம் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். அக்கா நீளமாக ஏதோ சொல்வாள். மகள் இடையில் வந்து, "சாப்பிட்டீங்களான்னு கேக்குறாங்க மாமா" என்பாள். இவ்வளவு நீளமாக அதை மட்டுமா கேட்டிருப்பாள் என்று அவருக்குத் தெரியும்.

"சாப்பிட்டேன்னு சொல்லும்மா."

ஒரு வாரம் மகள் பக்கத்தில் இல்லை. அக்கா ஏதோ சொன்னாள். "சரிக்கா" என்றார். மறுபடி அதையே சொன்னாள். மறுபடியும் "சரிக்கா" என்றார். மகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து போனை வாங்கினாள்.

"எப்ப வர்றீங்கன்னு கேக்குறாங்க மாமா. அதுக்குப் போய் சரி சரின்னா?"

"சனிக்கிழமை" என்றார்.

சொன்னபடியே போனார். ரயிலிறங்கி, மகள் வீட்டுச் சமையலறையில் நாற்காலியை இழுத்து அக்காவின் முகத்துக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். இரண்டு நாள் அவள் பேசினாள். மருமகன், குழந்தையின் வயிறு, அந்த ஊர்த் தண்ணீர் என்று ஒன்றையும் விடவில்லை. அவர் கேட்டுவிட்டு ரயிலேறினார்.

இப்போதும் மாதம் ஒருமுறை போய் வருகிறார். மற்ற நாட்களில் வீட்டில் பேச்சு கிடையாது. போன வாரம் செல் மேடம் அவர் அறைக்கதவைத் தட்டி உள்ளே எட்டிப் பார்த்தாள். நுண்ணோக்கியில் கண்ணை வைத்தபடி அவர் மட்டும் இருந்தார்.

"யாரோடயோ பேசிட்டிருந்த மாதிரி கேட்டுச்சே சார்?"

"யாருமில்ல மேடம்" என்றார் அவர். "சும்மா, தெரியுறதைச் சொல்லிட்டிருந்தேன்."

சுழற்றும் இயந்திரம் வேண்டும் என்று கேட்க வந்தவள், அதைக் கேட்டாள். எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, அவர் அடுத்த செவுளைத் தட்டில் வைத்தார்.