வெயில் போய்ச் சேர்ந்த ஊர்

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் கூடினால் எனக்கு வாய் திறக்காது. பக்கத்து வீட்டு ஜெனிபர், பள்ளிக்கூடத்தில் பல நாடுகளைப் பற்றிப் படிக்கும் வகுப்பில் இருக்கிறாள்.

"அம்மாச்சி, பெரு நாட்டுப் பிள்ளைகளோட கம்ப்யூட்டர்ல பேசப் போறோம். ஆளுக்கொரு பெரியவங்கள கூட்டிட்டு வரணும். எங்க வீட்ல யாரும் இல்ல. நீங்க பேசுனாத்தான் எனக்கு முறை கிடைக்கும்" என்றாள். மறுக்க மனசு வரவில்லை.

சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் பெரிய திரைக்கு முன்னால் மைக்கைக் கையில் கொடுத்தார்கள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"மைக்கு கடிக்காது அம்மாச்சி!" என்றான் பின்னாலிருந்து ஒருத்தன். எல்லோரும் சிரித்தார்கள். ஜெனிபரின் முகம் வாடிப்போனது.

அப்போதுதான் திரையைப் பார்த்தேன். அங்கேயும் என் வயதில் ஒருத்தி, சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் ஒரு மலை. அதன் மேல் காலை வெயில் எட்டிப் பார்த்தது. எங்கள் ஜன்னலிலோ நாகமலைக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

கூட்டமே மறந்துபோனது. "ஆத்தா, இங்கேருந்து கெளம்புன வெயிலு அங்க வந்துருச்சா?" என்று கேட்டேன்.

ஜெனிபர் அதை இங்கிலீஷில் சொல்ல, அந்த ஊர்ப் பிள்ளைகள் அவள் மொழியில் சொன்னதும் சால்வையை இறக்கிச் சிரித்தாள். ஏதோ சொன்னாள்.

"இப்பத்தான் வந்துச்சாம் அம்மாச்சி. குளிருக்கு இதமா இருக்காம்" என்றாள் ஜெனிபர்.

இப்போதெல்லாம் பொழுது சாயும்போது வாசலுக்கு வந்துவிடுகிறேன். "வெரசாப் போ, அங்க ஒருத்தி குளுர்ல நிக்கிறா" என்று வெயிலிடம் சொல்கிறேன்.