இரண்டு வீட்டுக்கு ஒரு குக்கர்

தூத்துக்குடியில் நாங்கள் வாங்கும் பலசரக்குக் கடையில் ஒரு வருஷம் மஞ்சள் அட்டை கொடுத்தார்கள். சாமான் வாங்கும்போதெல்லாம் ஒரு முத்திரை. தீபாவளிக்குள் அட்டை நிறைந்தால் பிரஷர் குக்கர் இலவசம். எனக்கு அந்தக் குக்கர் வேண்டியிருந்தது. "சாயங்காலச் சமையலைச் சீக்கிரம் முடிச்சா டைப் கிளாசுக்குப் போயிக்கோ" என்று என் கணவர் சொல்லியிருந்தார். விறகடுப்பை வைத்துக்கொண்டு என்னத்தைச் சீக்கிரம் முடிப்பது?

அட்டை கைக்கு வந்த நாளிலிருந்து வேறு கடைக்குப் போக வழியில்லை. அரிசியெல்லாம் கல் என்று சண்டைக்குப் போனேன். கடைக்கார அண்ணாச்சி சிரித்தார். "வேற கடைல வாங்குங்க தாயி. அவன் முத்திர குத்துவானா?" வாயை மூடிக்கொண்டு வந்து கல் பொறுக்கினேன்.

எங்கள் ஒரு வீட்டுச் சாமானில் அட்டை நிறையாது என்று ஆவணியிலேயே தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்காவுக்கும் அதே கவலை. இரண்டு வீட்டுச் சாமானையும் ஒரே அட்டையில் போடுவது, குக்கரை வாரம் மாற்றி வாரம் வைத்துக்கொள்வது என்று யோசனை சொன்னதே நான்தான். பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு. குக்கர் வந்ததும், மரியாதைக்கு, "முதல் வாரம் நீங்க வச்சுக்கோங்க அக்கா" என்றேன்.

அக்கா வீட்டார் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். நாங்கள் வெங்காயம்கூடச் சேர்க்காத வைஷ்ணவர்கள். ஞாயிற்றுக்கிழமை அங்கிருந்து குக்கர் விசிலோடு கறி வாசனை வந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

மறுநாள் அக்கா குக்கரைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கொண்டுவந்து கொடுத்தார். என் மாமியார் ஊருக்குப் போயிருந்தார், கணவர் ஆபீசில். அரிசியைக்கூடக் களைந்துவிட்டேன். குக்கரிடம் கை போகவில்லை. என்னைத் தடுக்க அங்கே யாருமில்லை. என்னால்தான் முடியவில்லை. என்மேல் எனக்கு வந்த அந்த ஆத்திரம் இன்னும் தீரவில்லை.

குக்கர் ஒரு வாரம் எங்கள் கொல்லையில் சாக்குக்கடியில் கிடக்கும். மறுவாரம் பக்கத்து வீட்டில் விசிலடிக்கும்.

"ஏளா, சோறு நல்லா வெந்துச்சா?"

"பூப் போல இருந்தது அக்கா."

உண்மையைச் சொல்லிவிட்டு அவர் முகத்தில் எப்படி விழிப்பது?

தை பிறந்தது. கிளாசில் சேரக் கடைசி நாளன்று அக்கா குக்கரை வாங்க வந்தார். அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"எங்க அடுப்புல ரெண்டு நாள்ல கரி பிடிச்சிருது. ஒங்கிட்ட வந்தா புதுசு கணக்கா இருக்கே! என்னத்தப் போட்டுத் தேய்க்க?"

"சாம்பல்தான் அக்கா."

"ஒன்ன மாதிரி சாமானப் பேண யாரால முடியும்!" என்று மெச்சிக்கொண்டே போனார்.

நான் உள்ளே போய் ஈர விறகை ஊத ஆரம்பித்தேன்.