சாவி மாமாவின் இடது பக்கம்

வண்டி நின்றாலும் சாவிக்கொத்து நிற்பதில்லை. பள்ளி வேனை ஓரங்கட்டிவிட்டு, கொத்தைச் சுண்டுவிரலில் மாட்டிச் சுழற்றியபடி முன்னும் பின்னும் நடக்கிறார் டிரைவர். ஒரு பிள்ளை இரண்டு நிமிடம் தாமதித்தால் போதும், அந்தச் சத்தம் தெருக்கோடி வரை கேட்கும். பதினான்கு பிள்ளைகளும் அவருக்கு வைத்திருக்கும் பெயர் சாவி மாமா. வயது ஐம்பத்திரண்டு. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவர்.

வேனின் இடது கண்ணாடிக்கு இந்த மாதத்தில் மூன்றாவது முறையாக ஒட்டுநாடா சுற்றியிருக்கிறார். கேட்டால், "அந்தத் தூணு கொஞ்சம் தள்ளி வந்துடுச்சு" என்பார்.

"ஆமா, அதுக்குக் கால் முளைச்சிருக்கு. உங்களைப் பார்த்ததும் ஓடி வருது" என்பாள் மனைவி.

கண் மருத்துவமனைக்கு அவரளவு நடந்தவர்கள் குறைவு. அவருக்குச் சனிக்கிழமைதான் ஓய்வு. அன்று தெருவில் யாருக்குக் கண் காட்ட வேண்டுமென்றாலும் அவர் வேன்தான். வரமாட்டேன் என்பவர்களையும் விடமாட்டார். "கண்ணு கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் பண்ணி என்ன புண்ணியம்? ஏறுங்க அத்தை" என்று அதட்டி ஏற்றுவார். மருத்துவமனையில் சனிக்கிழமைகளில் அறுபது பேருக்குத்தான் வரிசைச் சீட்டு. தனக்கென்று வாங்கிய சீட்டையும், பிந்தி வந்து விழிக்கும் யாராவது ஒருவரிடம் நீட்டிவிடுவார். "எனக்கென்ன, கண்ணு நல்லாத்தான் இருக்கு. நோவு வந்தா பார்த்துக்கலாம்."

நோவு வராது என்பது அவருக்குத் தெரியும். அவருடைய அப்பாவுக்கும் வலிக்கவில்லை. ஓரத்திலிருந்து பார்வை தேய்ந்து தேய்ந்து, கடைசியில் சுவரைத் தடவித்தான் நடந்தார். "இது குடும்பத்துல வரும். நாப்பதுக்கு மேல வருஷா வருஷம் காட்டிடுங்க" என்று டாக்டர் அன்றே மகனிடம் சொல்லியிருந்தார். பன்னிரண்டு வருடமாக மனிதர் அந்த வார்த்தைக்குப் பிடிகொடுக்காமல் ஓடுகிறார். கண்ணைக் காட்டினால் வேன் கையைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம்தான், வேறொன்றுமில்லை.

போன வியாழக்கிழமை வேன் நகர்ந்தபோது இடது பக்கம் ஒரே கூச்சல். கழன்ற ஷூவை மாட்டக் குனிந்திருந்த சின்னப் பெண்ணின் பையை வேன் உரசிவிட்டது. பிள்ளைக்கு ஒன்றுமில்லை. "என்னைப் பார்க்கலையா மாமா?" என்று மட்டும் கேட்டாள். அன்று முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை அவருடைய சீட்டை மனைவி தன் கையில் இறுக்கிப் பிடித்திருந்தாள், அதுவும் தானமாகப் போய்விடாதபடி. உள்ளே, பரிசோதிக்கும் பெண் வலது கண்ணை மூடச் சொன்னாள். எதிரே எழுத்து அட்டை. ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு, மறுகையில் சாவியைக் குலுக்கியபடி, கடைசி வரி வரைக்கும் மடமடவென்று ஒப்பித்தார். எத்தனை சனிக்கிழமைகள் அந்தக் கதவோரம் நின்று, எத்தனை பேர் வாசிக்கக் கேட்டவர்.

"இடது கண்ணு நல்லா இருக்குங்க ஐயா" என்று அவள் எழுதக் குனிந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அப்படியே எழுந்து போயிருக்கலாம். கதவும் திறந்துதான் இருந்தது. அவர் எழவில்லை.

"எழுதாதீங்கம்மா" என்றார். "அது எனக்கு மனப்பாடம். இந்தக் கண்ணுக்கு அட்டையே மங்கலாத்தான் தெரியுது. வேற அட்டை இருந்தா போடுங்க."

அவள் வேறு அட்டையைத் தேடி எழுந்தாள். அவர் சாவிக்கொத்தை விரலிலிருந்து கழற்றி, சத்தம் வராமல் மனைவியின் மடியில் வைத்தார்.