அரக்கு வெஸ்ட்டில் உரிந்த எழுத்து

கோமதி ஒட்டிய எழுத்து உரிந்துபோனது, அதனால்தான் காரில் வந்தவர் கண்ணுக்கு அவர் தெரியவில்லை, அவர் வேலையே அவருக்கு எமனாக வந்தது என்று நம் தமிழ்ச் சங்கத்தில் பேசிக்கொள்கிறார்கள். இது பொய். அந்தத் துணியில் அந்த எழுத்து நிற்காது என்று பத்து மாதம் முன்பே அவர் சொல்லிவிட்டார். கேட்கவேண்டியவர்கள் கேட்கவில்லை. இப்போது பழியையும் அவர் தலையிலேயே கட்டுகிறார்கள். இந்த அமெரிக்க ஊரான கேட்டியில் கோமதியைத் தெரிந்தவர்கள் எல்லோரும் அறியவேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

செய்தி செவ்வாய்க்கிழமை காலை வந்தது. அவர் கணவர் ரவி கூப்பிட்டார். "அங்கிள், முடிஞ்சுபோச்சு" என்றார். பின்னால் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. மத்தியானத்துக்குள் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் விளக்குப் படத்துடன் இரங்கல் வந்தது. அதன் கீழேயே ஒருவர், "அக்கா ஒட்டின லெட்டர்ஸே உரிஞ்சுடுச்சாம், பாவம்" என்று எழுதியிருந்தார். பலர் அதற்குக் கைகூப்பும் படம் போட்டிருந்தார்கள். ஒருவர்கூட மறுக்கவில்லை.

கோமதி தன் வீட்டில் கார் நிறுத்தும் கராஜில் டி-ஷர்ட்டுகளுக்கு எழுத்தும் சின்னமும் ஒட்டிக் கொடுத்தவர். பின்பக்கம் பசையுள்ள வினைல் பிளாஸ்டிக் தாளில் எழுத்தை வெட்டித் துணிமேல் வைத்து, ஹீட் பிரஸ்ஸின் சூடான தகட்டால் அழுத்தவேண்டும். பார்ப்பதற்கு இஸ்திரி போடுவதுபோல இருக்கும். நான் கரூரில் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டிப் பிழைத்தவன். எட்டாவதோடு பள்ளி முடிந்தது, மற்றதெல்லாம் கையைச் சுட்டுக்கொண்டு கற்றது. இங்கே என் மகன் வீட்டுக்கு வந்த புதிதில், வாலிபால் அணிக்குக் கோமதி செய்த சட்டைகளைப் பார்த்தேன். எல்லாச் சட்டையிலும் ஒரே இடத்தில் கடைசி எழுத்து தூக்கிக்கொண்டு நின்றது. துணி சரியில்லை என்றார் அவர். துணி என்றால் எல்லா எழுத்தும் போகும், ஒரு மூலை மட்டும் போகாது என்றேன் நான். வெப்பமானியைக் கொண்டுபோய்த் தகட்டின்மேல் காட்டினேன். பிரஸ்ஸின் திரை முந்நூறு டிகிரி ஃபாரன்ஹீட் என்றது. அந்த மூலையில் இருநூற்றைம்பதுகூட இல்லை.

"மெஷின் பொய் சொல்லுது அங்கிள். நான் பாவம், சட்டையத் திட்டிட்டு இருக்கேன்" என்று சிரித்தார். அன்றிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் நான் அந்த கராஜில்தான் இருந்தேன்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. எந்த வேலை வந்தாலும் முதலில் ஒரே ஒரு துணியில் ஒட்டுவார். ஒரு நாள் ஆறவிடுவார். பிறகு தன் வீட்டு வாஷிங் மெஷினில் மூன்று முறை துவைத்துக் காயவைத்து, ஓரத்தை நகத்தால் கீறிப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் மற்றவை. துவைத்த சட்டையைப் புதுசு என்று தருகிறாயா என்று சங்கத்துப் பெண்கள் கேலி செய்வார்கள். "ஒட்டினப்போ எல்லாமே அழகாத்தான் இருக்கும். துவைச்சாத்தான் தெரியும்" என்பார்.

போன ஜனவரியில் சங்கச் செயலாளர் ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். பொங்கல் விழாவுக்கு வரும் கார்களுக்கு வழிகாட்டும் தொண்டர்கள் சட்டைக்குமேல் போட்டுக்கொள்ள, கையில்லாத வெஸ்ட் நாற்பது. அரக்கு நிறம், மழைத்தண்ணீர் ஒட்டாத நைலான். கார் வெளிச்சத்தில் மின்னும் பட்டை ஒன்றுகூட அதில் கிடையாது. முதுகில் 'தன்னார்வலர்' என்று மின்னும் வெள்ளி வினைலில் ஒட்டவேண்டும். இருட்டில் அந்த மனிதர் தெரிய அது ஒன்றுதான் வழி.

தண்ணீரே ஒட்டாத துணியில் பசை எங்கே ஒட்டும்? முதல் துவைப்பில் ஓரம் எழுந்தது. ஸ்பிரிட் போட்டுத் துடைத்து அதே வெஸ்ட்டில் மறுபடி ஒட்டினோம், அழுத்தத்தைக் கூட்டினோம், வேறு வினைல் போட்டோம். சூட்டை ஏற்றியபோது நைலான் சுருங்கியது. எப்படிச் செய்தாலும் மூன்றாவது துவைப்பில் எழுத்து கழன்று மெஷினுக்குள் கிடந்தது. கோமதி செயலாளரைக் கூப்பிட்டு அதைக் காட்டினார். பட்டை தைத்த மஞ்சள் வெஸ்ட் வாங்குங்கள் என்றார். நானும் அங்கே நின்றிருந்தேன்.

"மஞ்சளா? விசேஷத்துல ரோடு போடறவங்க மாதிரி இருக்கும்க்கா. அரக்குதான் நம்ம சங்கம் கலர், போட்டோல நல்லா இருக்கும். ஒரு ஈவினிங்தானே, யாரு துவைக்கப் போறா?"

"நம்ம ஆளுங்கதான். போட்ட துணியத் துவைக்காம மடிச்சு வெப்பமா?" என்றார் கோமதி.

செயலாளர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். கொடுக்காதே என்று நான் சண்டை பிடித்தேன். "நான் ஒட்டலேன்னா வெறும் அரக்கு வெஸ்ட்டப் போட்டு இருட்டுல நிறுத்துவாங்க அங்கிள். அன்னிக்கு ஒரு நாளாவது மின்னட்டும்" என்றார். ஒவ்வொரு வெஸ்ட்டிலும் ஒரு துண்டுக் காகிதத்தைக் குத்தினார்: 'துவைக்கக் கூடாது. ஒரு நாளுக்கு மட்டும். இருட்டில் இதை நம்பக் கூடாது.'

பொங்கல் நல்லபடியாக முடிந்தது. மறுவாரம் யாரோ ஒரு நல்ல மனசுக்காரர் காகிதங்களைப் பிய்த்துப் போட்டுவிட்டு, எல்லாவற்றையும் துவைத்து, டிரையரில் சூடாக உலர்த்தி, அழகாக மடித்துப் பெட்டியில் வைத்தார். தீபாவளி வரை அந்தப் பெட்டியை எவரும் திறக்கவில்லை.

ஜனவரியில் செயலாளர் எங்கள் பேச்சைக் கேட்காமல் போனதிலிருந்து சங்கத்து விழாக்களுக்குப் போவதில்லை என்று நான் வைராக்கியமாக இருந்தேன். தீபாவளி விழா அன்று மாலை கோமதி கூப்பிட்டார். குளிர்காலத்துக்காக ஊரெல்லாம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பி வைத்திருந்த சமயம், ஆறு மணிக்கே இருட்டிவிட்டது.

"அங்கிள், ஒவ்வொரு முதுகிலயும் ரெண்டெழுத்து, மூணெழுத்துதான் இருக்கு. சிலதுல ஒண்ணுமே இல்ல."

கழற்றி எறிந்துவிட்டு உள்ளே போ என்றேன். டார்ச் விளக்குக் கேட்டாராம், பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு செயலாளர் மேடைக்குப் போய்விட்டாராம். வாகன நிறுத்தத்தின் பின்பக்கத் திருப்பத்தில் கம்பத்து விளக்கும் எரியவில்லை. அங்கே நிற்கவேண்டிய பெண்ணைக் கோமதி உள்ளே அனுப்பியிருந்தார்.

"நீயும் உள்ளே போ" என்று மறுபடியும் சொன்னேன்.

"நான் போனா இன்னொருத்தர வந்து நிக்கச் சொல்லுவாங்க" என்றார்.

அவர் சொல்லி நான் கேட்ட கடைசி வார்த்தை அது. அந்தத் திருப்பத்தில்தான் கார் அவர் மேல் மோதியது. காரை ஓட்டி வந்தவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் கண்ணுக்கு முன்னால் இருந்தது இருட்டும் அரக்கும்தான்.

கோமதியிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரே ஒரு வெஸ்ட். ஜனவரியில் துவைத்துப் பார்த்தது. உள்பக்கம் அவர் கையெழுத்தில் மூன்று வரி: முதல் துவைப்பு, ஓரம் எழுந்தது. இரண்டாவது, பாதி போனது. மூன்றாவது, எதுவும் இல்லை. அவர் அன்று போட்டிருந்ததை மருத்துவமனையில் வெட்டி எடுத்துவிட்டார்கள். மீதி முப்பத்தெட்டும் செயலாளர் வீட்டு கராஜில் அதே பெட்டியில் இருக்கின்றன. பொங்கலுக்கு மறுபடியும் எழுத்து ஒட்டிக்கொள்ளலாம், பக்கத்து ஊர் ஷுகர்லேண்டில் ஒருவர் ஒத்துக்கொண்டுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். நம்மவர்களுக்கு எதையும் தூக்கிப்போட மனசு வராது.

ஆகவே சொல்கிறேன். செயலாளர் அந்தப் பெட்டியைப் பொதுக்குழு முன் கொண்டுவந்து, முப்பத்தெட்டையும் எல்லோரும் பார்க்கக் கத்தரிக்கோலால் வெட்டவேண்டும். ஷுகர்லேண்டுக்காரர் அதில் ஒன்றை ஒட்டி, மூன்று முறை துவைத்துப் பார்த்துவிட்டு, முடியாது என்று சொல்லவேண்டும். தலைவர் பட்டை தைத்த மஞ்சள் வெஸ்ட்டும் கைவிளக்கும் வாங்கவேண்டும். போட்டோ எப்படி வந்தாலும் சரி. பின்பக்கக் கம்பத்தில் விளக்கு எரிகிறதா என்று முந்தின நாளே ஆள் போய்ப் பார்க்கவேண்டும். வாட்ஸ்அப்பில் எழுதியவர் எழுதியதை அழிக்கக் கூடாது. அதன் கீழேயே, கோமதி முன்பே சொல்லியிருந்தார் என்று எழுதவேண்டும். கைகூப்பியவர்கள் அதையும் படிக்கவேண்டும். ரவி எதுவும் செய்யவேண்டாம். அவரிடம் யாரும் எந்தக் கேள்வியும் கேட்கவேண்டாம்.

பொங்கலன்று அந்தத் திருப்பத்தில் நிற்க ஆள் தேவைப்படும். என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். மஞ்சளில்தான் நிற்பேன்.